டாஸ் போடும் முன் பேசி முடிப்போம்

(அறக்கட்டளையின் ஆண்டு கிரிக்கெட் போட்டியை முன்னிட்டு நடந்த அணித் தலைவர்கள், நடுவர்கள், பெற்றோர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மரியாதைக்குரிய ஜமாஅத் பெரியோர்களே, தாய்மார்களே, அணித் தலைவர்களே, நடுவராக நிற்க முன்வந்திருக்கும் தம்பிமார்களே!

அறக்கட்டளைக் கூட்டம் என்றால் கல்வி உதவித்தொகை, மருத்துவ உதவி, ஜகாத் கணக்கு என்றுதான் வழக்கமாகப் பேசுவோம். இன்று கிரிக்கெட் விதிகளைப் பேசக் கூடியிருக்கிறோம். "இதற்கு ஒரு கூட்டமா?" என்று சில பெரியவர்கள் கேட்டார்கள். தேவைதான். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த போட்டிக்கு நம் பிள்ளைகள் போயிருந்தார்கள். ஊர் பெயர் வேண்டாம். ஆறு ஓவர் ஆட்டம், டென்னிஸ் பந்து, அரையிறுதி. முதலில் ஆடிய அணி ஆறு ஓவரில் 58 ரன் எடுத்தது. அதற்குள் வெளிச்சம் குறைந்துவிட்டது. மஃரிப் பாங்குக்கு அதிக நேரம் இல்லை. போட்டி நடத்தியவர்கள் அந்த இடத்திலேயே கூடிப் பேசி, "இரண்டாவது அணிக்கு ஐந்து ஓவர் மட்டும், இலக்கு 49" என்று அறிவித்தார்கள். கணக்கு சரிதான். ஆறு ஓவருக்கு 59 என்றால் ஐந்து ஓவருக்கு 49 சொச்சம். ஆனால் பந்து வீசிய அணி ஒப்பவில்லை. "ஓவரைக் குறைத்தீர்கள், விக்கெட்டைக் குறைக்கவில்லையே! பத்து விக்கெட்டையும் வைத்துக்கொண்டு ஐந்து ஓவர் அடிப்பது சுலபமாயிற்றே" என்றார்கள். மட்டை பிடித்த அணியோ, "இருட்டில் ஆடச் சொல்கிறீர்கள், இன்னும் குறைக்க வேண்டும்" என்றது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. எழுதி வைத்த விதி மட்டும் இல்லை.

கடைசி ஓவரில் ஒரு ரன் அவுட். நடுவராக நின்றவர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பையன். ஓவரைக் குறைத்தது அவர் அல்ல, இலக்கை மாற்றியதும் அவர் அல்ல. ஆனாலும் எல்லாக் கோபமும் அவர் மேல்தான் இறங்கியது. தள்ளிவிட்டதில் ஸ்டம்பின் மேல் விழுந்து புருவத்தில் தையல் போட வேண்டியதாயிற்று. காவல் நிலையம் வரைக்கும் போனது. இரு ஊர்ப் பெரியவர்களும் இரவெல்லாம் பேசி, வழக்குப் பதிவாகாமல் சமாதானம் செய்தார்கள். தள்ளிய பையன் சவூதி வேலைக்காகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருந்தான். வழக்கு பதிவாகியிருந்தால் போலீஸ் விசாரணையில் அந்தப் பாஸ்போர்ட் சிக்கியிருக்கும். ஒரு குடும்பத்தின் கடன், தங்கையின் நிக்காஹ், எல்லாம் அந்த ஒரு பயணத்தை நம்பி இருந்தன.

ஆகவேதான் இந்தக் கூட்டம். விளையாட்டில் சண்டை வரக் கூடாது என்று பொதுவாக உபதேசம் செய்து எழுந்துபோக நாம் வரவில்லை. சண்டை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான். ஒருவருக்குத் தெரிந்த விதி இன்னொருவருக்குத் தெரியவில்லை. அல்லது ஆட்டம் நடக்கும்போதே விதி மாறுகிறது. நம் தொண்டர்கள் சிலர் இரண்டு வாரம் உட்கார்ந்து விதிநூலைப் படித்தார்கள். அவர்கள் எடுத்துத் தந்ததை எல்லோருக்கும் புரியும்படி சொல்கிறோம்.

இரண்டு அடுக்கு விதிகள்

கிரிக்கெட்டின் மூல விதிகள் லண்டனில் உள்ள எம்.சி.சி. என்ற மெரிலிபோன் கிரிக்கெட் கிளப்பின் பொறுப்பில் இருக்கின்றன. அந்த கிளப் 1787-இல் தொடங்கியது. மறு ஆண்டே விதிகளைத் தொகுத்தது. இன்றும் உலகத்தில் எந்த மூலையில் கிரிக்கெட் ஆடினாலும் அடிப்படை அதுதான். மொத்தம் 42 விதிகள்.

இதற்கு மேல் இன்னொரு அடுக்கு உண்டு. சர்வதேச ஆட்டங்களுக்கு ஐ.சி.சி. வகுக்கும் ஆட்ட நிபந்தனைகள்; ஐ.பி.எல்.லுக்கு அவர்களுடைய நிபந்தனைகள். நம் பிள்ளைகள் டி.வி.யில் பார்ப்பது இந்த மேல் அடுக்கைத்தான். அதையே மூல விதி என்று நினைத்துக்கொண்டு திடலுக்கு வருகிறார்கள். குழப்பத்தில் பாதி இங்கே பிறக்கிறது.

ஓர் உதாரணம், ஃப்ரீ ஹிட். நோ பாலுக்கு அடுத்த பந்தில் ஃப்ரீ ஹிட் என்பது இன்று ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் எம்.சி.சி.யின் மூல விதிகளில் ஃப்ரீ ஹிட் என்பதே கிடையாது. அது ஒரு நாள் ஆட்டங்களுக்கும் டி20 ஆட்டங்களுக்கும் ஏற்பட்ட நிபந்தனை. ஆகவே நம் திடலில் ஃப்ரீ ஹிட் உண்டா இல்லையா என்பதைப் போட்டி நடத்துபவர்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், "உண்டு" என்பவரும் சரி, "இல்லை" என்பவரும் சரி.

உண்டு என்று வைத்துக்கொண்டாலும் பிரச்சினை தீர்ந்துவிடாது. 2022 அக்டோபரில் மெல்போர்னில் நடந்த இந்தியா – பாகிஸ்தான் டி20 உலகக் கோப்பை ஆட்டத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கடைசி ஓவரில் ஃப்ரீ ஹிட் பந்து விராட் கோலியின் ஸ்டம்பில் பட்டு ஓடியது. அவர்கள் மூன்று ரன் ஓடினார்கள். ஸ்டம்பில் பட்டதும் பந்து 'டெட்' ஆகிவிடாதா என்று பாகிஸ்தான் வீரர்கள் நடுவரிடம் கேட்டார்கள். ஃப்ரீ ஹிட்டில் பவுல்டு அவுட் கிடையாது, ஆகவே பந்து உயிரோடுதான் இருக்கிறது, மூன்று ரன்னும் பை என்று நடுவர்கள் விளக்கினார்கள். அதுவே சரி. உலகத்தரம் வாய்ந்த வீரர்களுக்கே அந்த நிமிடத்தில் சந்தேகம் வந்தது என்றால், நம் தெருவில் நிற்கும் பதினெட்டு வயது நடுவரின் நிலையைச் சற்று நினைத்துப் பாருங்கள்.

மாறிய விதிகள் சில

2017 அக்டோபர் 1 அன்று விதிநூல் புதிதாக எழுதப்பட்டு நடைமுறைக்கு வந்தது. 2022 அக்டோபர் 1 முதல் மேலும் சில மாற்றங்கள் வந்தன. நம் திடலில் அடிக்கடி தகராறு தருபவற்றை மட்டும் சொல்கிறோம். கேப்டன்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பிட்ச் ஆகி வரும் பந்து. பந்து பேட்டரின் கிரீஸை அடைவதற்குள் இரண்டு தடவை குத்தினால் பரவாயில்லை, மூன்றாவது தடவை குத்தினால்தான் நோ பால் என்பது பழைய விதி. 2017 முதல் ஒரு தடவைக்கு மேல் குத்தினாலே நோ பால். மூத்தவர்கள் பலர் பழைய விதியிலேயே இருக்கிறார்கள்.

இரண்டாவது, இடுப்புக்கு மேல் வரும் ஃபுல் டாஸ். மெதுவாக வீசும் பந்தாக இருந்தால் தோள் வரை விடலாம் என்பது பழையது. 2017 முதல் வேகமோ மெதுவோ, கிரீஸில் நிமிர்ந்து நிற்கும் பேட்டரின் இடுப்புக்கு மேல் போனால் நோ பால்.

மூன்றாவது, ரன் அவுட்டில் மட்டை துள்ளுவது. ஓடி வந்து கோட்டுக்கு உள்ளே மட்டையை ஊன்றிய பிறகு, அந்த வேகத்திலேயே மட்டை மேலே துள்ளி, அந்த நொடியில் பெயில்ஸ் விழுந்தால் முன்பு அவுட். இப்போது அவுட் இல்லை. ஆனால் முதலில் கோட்டைத் தாண்டித் தரையில் பட்டிருக்க வேண்டும். காற்றிலேயே தாண்டினால் செல்லாது.

நான்காவது, கேட்ச் ஆகும்போது பேட்டர்கள் ஒருவரையொருவர் கடந்தால் என்ன ஆகும் என்பது. முன்பு கடந்திருந்தால், புதிதாக வருபவர் எதிர்முனையில் நிற்பார். 2022 முதல் கடந்தாலும் கடக்காவிட்டாலும் புதியவர்தான் அடுத்த பந்தை ஆட வேண்டும். ஓவர் முடிந்திருந்தால் மட்டும் வேறு. கடைசி ஓவரில் இது வெற்றி தோல்வியையே மாற்றிவிடும். நமது போன வருடப் போட்டிகளில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வியும் இதுதான்.

ஐந்தாவது, பந்து வீசும் முனையில் நிற்கும் பேட்டர், பந்து கையை விட்டுப் போகும் முன்பே ஓட ஆரம்பித்தால் பவுலர் அவரை ரன் அவுட் ஆக்குவது. 1947-இல் வினூ மன்கட் சிட்னியில் செய்ததால் அவர் பெயராலேயே இதை 'மன்கட்' என்று சொல்லிவந்தார்கள். 2019-இல் நம் அஸ்வின் ஜெய்ப்பூரில் ஜாஸ் பட்லரை இப்படி அவுட் ஆக்கியபோது பாதி உலகம் அவரை ஏசியது. அப்போதும் அது விதிப்படி அவுட்தான். ஆனால் 'முறையற்ற ஆட்டம்' என்ற தலைப்பின் கீழ் இருந்ததால், ஏதோ ஏமாற்று வேலை என்ற எண்ணம் பலருக்கு இருந்தது. 2022-இல் அதை எடுத்து 'ரன் அவுட்' என்ற விதியின் கீழேயே வைத்துவிட்டார்கள். ஆகவே இதைச் செய்யும் பையனை இனி யாரும் கேவலமாகப் பேசக் கூடாது. கிரீஸில் நிற்க வேண்டியது பேட்டரின் பொறுப்பு. பவுலரின் கை உச்சியைத் தாண்டி, பந்தை விடும் கட்டத்துக்கு வந்துவிட்டால் அதன் பிறகு இப்படி அவுட் கிடையாது. இதையும் 2023 ஜனவரியில் தெளிவாக்கினார்கள்.

ஆறாவதுதான் மிகவும் குழப்பமானது: எல்லைக் கோட்டில் பிடிக்கும் கேட்ச். கோட்டுக்கு வெளியே போய், காற்றில் எம்பி எம்பிப் பந்தை உள்ளே தட்டிவிட்டுப் பிடிப்பதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். புதிய முறைப்படி, வெளியே போனவர் காற்றில் ஒரு தடவைதான் பந்தைத் தொடலாம்; பிறகு கோட்டுக்கு உள்ளே வந்து கால் ஊன்றியாக வேண்டும். இது சர்வதேச ஆட்டங்களுக்கு 2025 ஜூனில் வந்துவிட்டது. எம்.சி.சி. மூல விதிநூலுக்கு 2026 அக்டோபர் என்று தேதி குறித்தார்கள். அதாவது, ஒரே கேட்ச், ஒரே நாள், டி.வி.யில் சிக்ஸர், ஊர்த் திடலில் அவுட் என்று பதினாறு மாத இடைவெளி! பார்த்துக்கொண்டிருக்கும் அத்தாமார்கள் நடுவரைத் திட்டாமல் என்ன செய்வார்கள்?

மாற்றம் தவறு என்று நாம் சொல்லவில்லை. பல மாற்றங்கள் நல்லதற்கே. ஆனால் மாற்றம் லண்டனில் அறிவிக்கப்பட்ட அன்றே நம் ஊருக்கு வந்து சேர்ந்துவிடுவதில்லை. யாராவது ஒருவர் எடுத்துச் சொல்லியாக வேண்டும். இங்கே அது போட்டி நடத்துபவரின் கடமை.

அநியாயமான விதி என்றால்?

"விதியே அநியாயமாக இருந்தால் என்ன செய்வது பாய்?" என்று ஓர் இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி. இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறோம்.

1992 உலகக் கோப்பை அரையிறுதி, சிட்னி. தென்னாப்பிரிக்கா ஜெயிக்க 13 பந்தில் 22 ரன் வேண்டும். மழை வந்து சில நிமிடம் ஆட்டம் நின்றது. திரும்பி வந்தபோது ஒரே பந்துதான் மிச்சம். பலகையில் 22 ரன் வேண்டும் என்றே இருந்தது. சரியான கணக்கு 21. எதுவானாலும் ஒரு பந்தில் எடுக்கும் ரன்னா அது? ஆனால் அந்த விதியைக் கெட்ட எண்ணத்தோடு யாரும் எழுதவில்லை. அதற்கு முன் இருந்த சராசரிக் கணக்கு, இரண்டாவது ஆடும் அணிக்குச் சாதகமாக இருந்தது. நாம் முதலில் சொன்ன பக்கத்து ஊர்க் கணக்கு அதே சராசரிக் கணக்குத்தான். அதைத் திருத்தப் போய், முதல் அணியின் குறைந்த ரன் ஓவர்களை முதலில் கழிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அது மறுபக்கம் சாய்ந்துவிட்டது. பிறகு டக்வொர்த், லூயிஸ் என்ற இரண்டு புள்ளியியல் அறிஞர்கள், மிச்சமுள்ள ஓவர், மிச்சமுள்ள விக்கெட் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை வகுத்தார்கள். 1997 ஜனவரி 1 அன்று ஹராரேயில் ஜிம்பாப்வே – இங்கிலாந்து ஆட்டத்தில் அது முதலில் பயன்பட்டது.

இரண்டாவது, 2019 உலகக் கோப்பை இறுதி, லார்ட்ஸ். ஆட்டமும் சமன், சூப்பர் ஓவரும் சமன். அதிக பவுண்டரி அடித்தவருக்குக் கோப்பை என்ற நிபந்தனைப்படி 26-க்கு 17 என்று இங்கிலாந்து ஜெயித்தது. அதே ஆட்டத்தில் பென் ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டுப் பந்து எல்லைக்குப் போனபோது நடுவர் குமார் தர்மசேன ஆறு ரன் கொடுத்தார். ஃபீல்டர் பந்தை எறிந்த நொடியில் பேட்டர்கள் இரண்டாவது ரன்னுக்கு ஒருவரையொருவர் கடந்திருக்கவில்லை. ஆகவே விதிப்படி ஐந்துதான். பிறகு தொலைக்காட்சியில் பார்த்தபோது அது தவறு என்று அவரே சொன்னார்.

நியூசிலாந்து என்ன செய்தது? நடுவரைத் தள்ளவில்லை. கோப்பையைத் தர மாட்டோம் என்று திடலில் உட்காரவில்லை. அவர்களுடைய கேப்டன் கேன் வில்லியம்சன், போட்டிக்கு முன்பே எழுதியிருந்த நிபந்தனை என்று ஏற்றுக்கொண்டு நடந்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஐ.சி.சி. பவுண்டரி எண்ணும் நிபந்தனையை நீக்கியது. இனி அரையிறுதி, இறுதி ஆட்டங்களில் சூப்பர் ஓவர் சமனானால், ஒருவர் ஜெயிக்கும்வரை சூப்பர் ஓவர் திரும்ப நடக்கும் என்றாயிற்று.

இளைஞர்களே, இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. அநியாயமான விதியை எதிர்க்கலாம், எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு நேரம் இரண்டு: ஆட்டத்துக்கு முன், அல்லது போட்டி முடிந்த பின். நடுவில் இல்லை. நெல் அளக்கும்போது படி சிறிதாக இருக்கிறது என்று பாதியில் தெரிந்தால், மிச்ச மூட்டைக்குப் பெரிய படியை எடுத்துக்கொள்ள முடியுமா? முதலில் வாங்கியவருக்கு ஒரு படி, பின்னால் வாங்கியவருக்கு ஒரு படி என்றாகிவிடும். குறையுள்ள படியாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி அளந்துவிட்டு, அடுத்த சந்தைக்குள் படியை மாற்ற வேண்டும். நல்ல விதியானாலும், ஒருவர் ஆடி முடித்த பின் மாற்றினால் அது மற்றவருக்கு அநியாயமே.

எம்.சி.சி. விதிநூலும் இதையே சொல்கிறது. டாஸ் போடும் முன் நடுவர்கள் இரு கேப்டன்களையும் சந்தித்து, அந்த ஆட்டத்துக்கென்று தனி நிபந்தனை ஏதாவது இருந்தால் தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்பது இரண்டாவது விதியிலேயே இருக்கிறது. டாஸுக்கு முன், டாஸுக்குப் பின் அல்ல.

நடுவரும் பெற்றோரும்

இந்தத் தொல்லை நம் ஊருக்கு மட்டும் உரியது அல்ல. அமெரிக்காவில் பேஸ்பால் என்ற ஆட்டம் நமக்குக் கிரிக்கெட் மாதிரி. அங்கே பள்ளிக்கூட ஆட்டத்துக்கு ஒரு விதிநூல், கல்லூரிக்கு ஒன்று, தொழில்முறை ஆட்டத்துக்கு இன்னொன்று. சின்னப் பிள்ளைகளின் லீகுக்குத் தனியாக ஒன்று. பந்து எறிபவர், ஓடத் தயாராக நிற்பவரை ஏமாற்றும்படி அசைந்தால் அங்கே அதை 'பாக்' என்ற குற்றமாகச் சொல்கிறார்கள். பள்ளிக்கூட ஆட்டத்தில் அந்த நொடியே பந்து 'டெட்'. தொழில்முறை ஆட்டத்தில் அந்த ஆட்டத்தை முடியவிட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்வார்கள். டி.வி.யில் ஒன்றைப் பார்த்துவிட்டு வரும் பெற்றோர், பள்ளித் திடலில் வேறொன்று நடக்கும்போது நடுவரைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஏச்சுத் தாங்காமல் நடுவர்கள் பலர் விலகிப் போகிறார்கள்.

நியூ ஜெர்சி மாநிலத்தில் டெப்ட்ஃபோர்ட் என்ற ஊரின் சிறுவர் பேஸ்பால் லீக் 2023-இல் ஓர் ஏற்பாடு செய்தது. நடுவரைத் திட்டும் பெற்றோர், மூன்று ஆட்டத்துக்குத் தாங்களே நடுவராக நிற்க வேண்டும். அதுவரை பார்வையாளராக உள்ளே வர முடியாது. நின்று பார்த்தால்தானே தெரியும்! இந்த யோசனை நம் நிர்வாகக் குழுவுக்கும் பிடித்துவிட்டது. என்ன செய்திருக்கிறோம் என்று சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நடுவராக நிற்கும் தம்பி விதியை எழுதியவர் அல்ல. கேமரா இல்லை, மூன்றாவது நடுவர் இல்லை, கண்ணில் பட்டதைச் சொல்கிறார். அதில் பிழை வரலாம். உலகக் கோப்பை இறுதியிலேயே வந்தது. வேண்டுமென்றே செய்கிறார் என்று நாம் கூச்சலிடும்போது, பக்கத்தில் நிற்கும் நம் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குச் சாதகமில்லாத தீர்ப்பை எப்படி எடுத்துக்கொள்வது என்பதை நம்மிடமிருந்துதான் கற்கிறான். நாளைக்கு வேலையிடத்தில் மேலாளர் சொல்வதும், கூட்டுத் தொழிலில் கணக்குப் பார்ப்பதும், பாகப்பிரிவினையில் பெரியவர் சொல்வதும் இதே மாதிரியான தீர்ப்புகள்தான்.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். 2017-இல் விதிநூலில் வீரர்களின் நடத்தைக்கென்றே 42-ஆவது விதியைப் புதிதாக எழுதினார்கள். நடுவரை அடிப்பேன் என்று மிரட்டினாலும், வேண்டுமென்று அவர் மேல் கை வைத்தாலும், அந்த ஆட்டக்காரர் அந்த ஆட்டம் முழுவதும் வெளியே. எதிரணிக்கு ஐந்து ரன். கால்பந்தில் சிவப்பு அட்டை போல. இது நம் போட்டியிலும் அப்படியே உண்டு. யார் பிள்ளையானாலும் சரி.

இந்த ஆண்டு ஏற்பாடுகள்

நிர்வாகக் குழு முடிவு செய்தவற்றைச் சொல்கிறோம்.

1. எல்லா அணிக்கும் ஒரே அச்சிட்ட தாள். ஃப்ரீ ஹிட் உண்டா, எல்.பி.டபிள்யூ. உண்டா, பை ரன் உண்டா, ஒருவர் எத்தனை ஓவர் வீசலாம், வெளியூர் ஆட்டக்காரர் எத்தனை பேர் என்று அனைத்தும் அதில் இருக்கும். மேலே சொன்ன ஆறு மாற்றங்களும் இருக்கும். எல்லைக் கோட்டு கேட்சுக்குப் புதிய முறைதான் என்று தெளிவாகப் போட்டிருக்கிறோம். தாளில் இல்லாததற்கு எம்.சி.சி. விதிநூல்.

2. தாளில் ஆட்சேபணை இருந்தால் கேப்டன்கள் இன்று முதல் ஒரு வாரத்துக்குள் எழுதித் தரலாம். நியாயமாக இருந்தால் மாற்றி, தேதி போட்டு, மறுபடி எல்லா அணிக்கும் தருவோம். முதல் ஆட்டத்தின் டாஸ் போட்ட பின் ஓர் எழுத்தும் மாறாது. நிர்வாகக் குழு நினைத்தாலும் மாற்ற முடியாது.

3. வெளிச்சம் போனாலோ மழை வந்தாலோ ஓவரைக் குறைக்க மாட்டோம், இலக்கையும் மாற்ற மாட்டோம். மறுநாள் ஃபஜ்ருக்குப் பின், விட்ட பந்திலிருந்து ஆட்டம் தொடரும்.

4. நடுவர்கள் இருவரும் அந்த ஆட்டத்தில் ஆடாத அணிகளிலிருந்து வருவார்கள். அவர்களுக்குப் போட்டிக்கு முன் இரண்டு நாள் பயிற்சி உண்டு. சிறு தொகையும் உண்டு. அறக்கட்டளைப் பணத்திலிருந்து அல்ல, விளையாட்டுக்கென்று தனியாக வந்த நன்கொடையிலிருந்து. பரிசுகளும் அவ்வாறே. அணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை.

5. செல்போன் வீடியோவைக் காட்டித் தீர்ப்பை மாற்றக் கேட்கக் கூடாது. ஓர் அணியிடம் வீடியோ இருக்கும், இன்னோர் அணியிடம் இருக்காது. ஒரு கோணத்தில் அவுட், இன்னொரு கோணத்தில் இல்லை. விளக்கம் கேட்க வேண்டுமானால் கேப்டன் மட்டும், ஒரே ஒரு தடவை, மரியாதையாகக் கேட்கலாம்.

6. தீர்ப்பில் விதி தவறாகச் சொல்லப்பட்டதாகத் தோன்றினால் ஸ்கோர் புத்தகத்தில் எழுதிவையுங்கள். ஒவ்வொரு நாளும் இஷாவுக்குப் பின் குழு அதைப் பார்த்து, சரியான விதி என்ன என்று மறுநாள் எல்லா நடுவருக்கும் சொல்லும். அன்றைய முடிவு மட்டும் மாறாது.

7. வெளியிலிருந்து நடுவரைத் திட்டும் பெரியவர்கள், டெப்ட்ஃபோர்ட் வழியில், அடுத்த இரண்டு ஆட்டத்துக்கு ஸ்கோரர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பந்தையும் எழுத வேண்டும். தேநீர் நாம் தருகிறோம். பெயர்ப் பலகையில் முதல் பெயர் நம் பொருளாளர் பெயராக இருக்கும் என்று இளைஞர்கள் இப்போதே பேசிக்கொள்கிறார்கள்.

அன்பானவர்களே, கோப்பை யாருக்குப் போகிறது என்பது ஒரு வாரத்தில் மறந்துவிடும். திடலில் கை ஓங்கியது மறக்காது. இரண்டு வீட்டார் நிக்காஹ் விருந்தில் முகம் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு நீளும். இதைத் தடுக்க நாம் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. விதியை முன்கூட்டியே எழுத வேண்டும். எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். சொன்னதில் நிற்க வேண்டும். பிடிக்கவில்லையென்றால் முறையாகக் கேட்டு மாற்ற வேண்டும். கொடுத்த வாக்கில் நிற்பது நம் மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த ஒன்றுதான். அது வியாபாரத்துக்கு மட்டும் உரியது அல்ல.

தாள்களை வாசலில் தம்பிமார்கள் வைத்திருக்கிறார்கள். கேப்டன்கள் ஆளுக்கு மூன்று பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்று உங்களுக்கு, ஒன்று அணிக்கு, ஒன்று வீட்டில் அத்தாவுக்கும் அம்மாவுக்கும். ஆட்சேபணை இருந்தால் ஒரு வாரம், மறந்துவிடாதீர்கள்.

போட்டி நல்லபடியாக நடக்கவும், ஆடப் போகிற பிள்ளைகள் அனைவரும் உடல் நலத்தோடும் மன நிறைவோடும் வீடு திரும்பவும் வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.